கொளஞ்சியோட நத்தைக் கல்லு

வா இன்பா, இப்படித் தள்ளிப் படு. காலைத் தூக்கி என் வயித்து மேல போடாத, அத்தைக்கு ஏற்கெனவே வயிறு எரியுது. ஏன்னு கேக்குறியா? கதையைக் கேளு, தெரியும். நடு நடுவுல "ம்" சொல்லணும். சொல்லலேன்னா நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு கெணறு வெட்டுற பொம்பள இருந்தா. ராஜா எங்க, ராணி எங்கன்னு கேக்காத. ராஜா கதை சொல்ல ஆயிரம் பேரு இருக்காங்க, இவளுக்கு நான்தான் இருக்கேன். இவ பேரு கொளஞ்சி. ஊரு பேரு வரகுமேடு. அந்த மேட்டுல வரகைத் தவிர ஒண்ணும் வெளையாது, ஏன்னா தண்ணி கெடையாது. பொம்பளைங்க எல்லாம் கொடத்தைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்குப் போவாங்க. போக ரெண்டு மைலு, வர ரெண்டு மைலு. இடுப்புல ஒரு கொடம், தலையில ஒரு கொடம். ஆம்பளைங்க என்ன பண்ணாங்கன்னு கேளு. அந்தத் தண்ணியில சுகமாக் குளிச்சாங்க.

"ம்."

அப்புறம் ஒரு நாளு அந்த ஊரு ஜமீன்தாருக்கு மனசு எறங்கிச்சு. "ஊர் நடுவுல ஒரு கெணறு வெட்டுங்க"ன்னு உத்தரவு போட்டாரு. கொளஞ்சியும் அவ ஆளுங்களும் வந்தாங்க. ஆம்பளைங்க உள்ள எறங்கி கடப்பாரையால குத்துவாங்க, ணங்கு ணங்குன்னு. மண்ணைக் கூடையில அள்ளிக் கயித்துல கட்டுவாங்க. ராட்டினம் கிரீச் கிரீச்னு மேல இழுக்கும். கொளஞ்சி அந்தக் கூடையைத் தலையில வாங்கிக்கிட்டுப் போயி தொப்புன்னு கொட்டிட்டு வருவா. ஏழு வயசுல தூக்க ஆரம்பிச்சவ. கூடைக்கு அடியில துணியைச் சுருட்டி வெக்கிற சும்மாடு அழுத்தி அழுத்தி அவ உச்சந்தலையில உள்ளங்கை அகலத்துக்கு முடியே கெடையாது, வழவழன்னு இருக்கும்.

மண்ணைக் கொட்டிட்டு கொளஞ்சி சும்மா திரும்ப மாட்டா. குனிஞ்சு கிளறிப் பாப்பா. ஏன்னா அந்த மண்ணுக்குள்ள நத்தைக் கல்லு இருக்கும். கடல் நத்தையோட கூடு, அப்படியே கல்லாப் போனது. கடலு எங்க இருக்கு, வரகுமேட்டுலேருந்து மூணு நாள் நடை! ஆனா கெணத்துக்குள்ள நத்தை இருக்கு.

கொளஞ்சி எங்கெங்கயோ மண்ணு தூக்கினவதான், அதுல இந்தப் பக்கத்து ஊருங்கள்ல மட்டும் இதுக்கு முன்னாடி மூணு கெணத்துக்குக் கூடை தூக்கியிருந்தா. மூணுலயும் ஒரே வரிசையைப் பாத்திருந்தா. மேல செம்மண்ணுல கெடைக்கிற நத்தைக் கல்லு கைமுறுக்கு மாதிரி இறுக்கமாச் சுத்தியிருக்கும். அதுக்குக் கீழ சுக்கான் மண்ணு, அதுல உள்ளது கொஞ்சம் தளர்வாச் சுத்தியிருக்கும். அதுக்கும் கீழ மஞ்சக் களி, அதுல இன்னும் தளர்வு. அப்புறம் சாம்பக் களி, அதுல அரைவட்டமா ஆட்டுக் கொம்பு மாதிரி, இருக்கறதுலயே பெருசா ஒண்ணு. எல்லாத்துக்கும் அடியில வெள்ளை மணலு. அதுல இருக்கறது சுருளே இல்லாம நேரா, மொளகா மாதிரி இருக்கும். அந்த மொளகாக் கல்லு வந்துடுச்சுன்னா அடுத்த ஒரு ஆள் ஆழத்துல தண்ணி. மூணு கெணத்துலயும் அப்படித்தான் ஆச்சு.

நடுவுல ஒரே ஒரு எடம் மட்டும் காலி. கொம்புக்கும் மொளகாவுக்கும் எடையில பச்சைக் களின்னு ஒரு அடுக்கு உண்டு. அதுல எப்பவும் நொறுங்கின தூளுதான் வரும். முழுக் கல்லு ஒண்ணுகூட அவ கையில சிக்கல.

அவ என்ன பண்ணா, அடுக்குக்கு ஒரு கல்லா எடுத்து ஒரு பலகையில வரிசையா வெச்சிருந்தா. மண்ணு ஒட்டினபடியே வெச்சிருந்தா. தொடைக்கவே மாட்டா. யாராச்சும் "ஏன்டீ அழுக்கா வெச்சிருக்க?"ன்னு கேட்டா, "அந்த மண்ணுதான் அதுக்கு வெலாசம். அது போச்சுன்னா எது எந்த வீட்டுதுன்னு எப்படித் தெரியும்?"னு சொல்லுவா. புரியுதா?

"ம்."

அப்போ வேலை சாம்பக் களி வரைக்கும் வந்துடுச்சு. ஜமீன்தார் வேடிக்கை பாக்க வந்தாரு. அவரு கால்கிட்ட ஒரு கூடை சரிஞ்சு, உருள உருள ஒரு கொம்புக் கல்லு வந்து விழுந்துச்சு. ஜமீன்தார் தாவிக் குதிச்சுட்டாரு. "என்னது இது? இது என்னன்னு தெரியற வரைக்கும் ஒரு கூடை மண்ணு எடுக்கக் கூடாது. படிச்சவங்களைக் கூப்புடுங்க!"ன்னாரு.

கொளஞ்சி சொன்னா, "எசமான், இது எனக்குத் தெரியும். கடல் நத்தை. இன்னும் ரெண்டு அடுக்கு போனா தண்ணி."

பக்கத்துல ஜமீனோட காரியக்காரரு நின்னாரு. "கூடை தூக்குறவளுக்கு என்ன தெரியும்? தள்ளி நில்லு"ன்னாரு.

தள்ளி நில்லாம்! நாப்பது வருஷமா மண்ணோட பொழங்குறவளைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, மண்ணையே பாக்காதவனுக்குப் பல்லக்கு அனுப்பினாங்க. எனக்கு இந்த எடம் வந்தாலே பல்லைக் கடிக்கத் தோணுது.

சரி. மொதல்ல வந்தவரு வெத்தலைப் பண்டிதர். வாய் நெறைய வெத்தலை. தலைவாழை எலை போட்டு விருந்து தின்னுட்டு, ஏவ்வ்னு ஒரு ஏப்பம் விட்டுட்டு, கல்லைக் கையில வாங்கினாரு. ஒரு தடவை பாத்தாரு. ஒரே தடவை! புளிச்னு துப்பிட்டுச் சொன்னாரு, "இது உசுரோட இருந்ததே கெடையாது. மேகத்துல யானை தெரியுதே, அது என்ன நெசம் யானையா? அந்த மாதிரி பூமி வெளையாட்டா செஞ்ச பொம்மை இது. நத்தைன்னா கடல்லதான் இருக்கும். மொத நாளு எதை எப்படிப் படைச்சாங்களோ அது அப்படியே இருக்கு, அப்படியேதான் இருக்கும். பூமியோட பொம்மையை நோண்டாதீங்க. கெணத்தை மூடுங்க."

கொளஞ்சி கூடையைக் கீழ வெச்சா. மண்குவியல்லேருந்து ரெண்டு கல்லை எடுத்துட்டு வந்தா. "ஐயா, இதப் பாருங்க. ஆசாரி தமரு போட்டுத் தொளைச்ச மாதிரி ஒரு ஓட்டை. ஏதோ ஒண்ணு ஓட்டை போட்டு உள்ள இருந்த சதையத் தின்னுருக்கு. பொம்மையை யாருய்யா திம்பா? இன்னொண்ணு பாருங்க. ஓடு ஒடைஞ்சு, அந்த எடத்துல திரும்ப வளந்து, தழும்பு இருக்கு. காயம் ஆறணும்னா உசுரு வேணாமா?"

பண்டிதர் வெத்தலைச் சாறை முழுங்கிட்டாரு, களக்! லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டே பல்லக்குல ஏறிட்டாரு. ஜெயிச்சது கொளஞ்சி, ஆனா இந்தக் கூத்துல ஒரு மாசம் போச்சு. பொம்பளைங்க அந்த ஒரு மாசமும் ஆத்துக்கு நடந்தாங்க.

நான் கதைக்காக இட்டுக்கட்டி வெக்கிறேன்னு நெனைக்காத இன்பா. பெரிய பெரிய தேசத்துல பெரிய பெரிய படிச்சவங்க இப்படியே பேசிக்கிட்டிருந்தாங்க, எத்தனையோ நூறு வருஷமா. கல்லு கல்லாவே மொளச்சுதுன்னாங்க. அப்புறம் வெள்ளம்னாங்க. அப்புறம் வேற என்னவோ. நான் காலேஜுல கூட்டிப் பெருக்கி, எலும்புக்கூட்டுக்குத் தூசி தட்டுறப்ப வாத்தியாரு பாடம் நடத்துவாரு, கதவோரம் நின்னு கேட்டிருக்கேன். தூங்கிட்டியா?

"ம்ஹும்."

அப்புறம் ரெண்டாவதா வந்தவரு கொடைப் பண்டிதர். மழை இல்லாத ஊருக்குக் கொடை புடிச்சுக்கிட்டு வந்தாரு. அவருக்கும் தலைவாழை எலை, அவருக்கும் ஏவ்வ். "நத்தைதான், ஒத்துக்கறேன். ஒரு காலத்துல உலகமே முழுகுற மாதிரி ஒரு வெள்ளம். எல்லாம் செத்துப் போச்சு. அந்த வெள்ளம் கொண்டாந்து ஒதுக்கின குப்பை இது. குப்பைக்குக் கீழ வெறும் பாறைதான் இருக்கும். கெணத்தை மூடுங்க"ன்னாரு.

கொளஞ்சி கேட்டா, "ஐயா, போன ஐப்பசியில ஆத்து வெள்ளம் ஆத்தங்கரைச் சந்தைக்குள்ள வந்துச்சே, அது வடிஞ்சப்ப பாத்தீங்களா? என் சட்டி, எசமான் செருப்பு, செத்த கோழி, எல்லாம் கலந்து கெடந்துச்சு. ஒரே வெள்ளம்னா முறுக்கும் கொம்பும் கலந்துதானே கெடக்கணும்? நாலு கெணத்துல ஒரு தடவைகூட எடம் மாறினது கெடையாது."

கொடைப் பண்டிதர் விடல. "அப்போ ஒரு வெள்ளம் இல்ல, நெறைய வெள்ளம். ஒவ்வொரு தடவையும் எல்லாம் அழிஞ்சு, ஒவ்வொரு தடவையும் புதுசாப் படைச்சாங்க"ன்னாரு.

"புதுசாப் படைக்கிறவங்க புதுசாத்தானேய்யா படைப்பாங்க? எதுக்கு முன்னாடி இருந்ததையே லேசா மாத்தி மாத்தி வெக்கணும்? இது அதோட ஜாடை, அது இதோட ஜாடை. பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பாருங்க"ன்னு பலகையை நீட்டினா.

அவரு பலகையைப் பாக்கவே இல்ல. கொடையை டப்புன்னு மடக்கிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. இன்னொரு மாசம் போச்சு. அந்த மாசம் ஒரு புள்ளத்தாச்சி ஆத்து மேட்டுல கொடத்தோட சறுக்கி விழுந்தா. உசுரு தப்பிச்சா, கொடந்தான் ஒடைஞ்சுச்சு. கொளஞ்சி கண்ணு செவந்து போச்சு. ரெண்டு அடுக்குக்குக் கீழ தண்ணி கெடக்கு, மேல இவனுங்க எலை போட்டுத் தின்னுக்கிட்டு இருக்கானுங்களேன்னு அவ வாய்விட்டுத் திட்டினா. நானா இருந்தா கூடையைத் தூக்கி அடிச்சிருப்பேன்.

"ம்."

மூணாவதா வந்தவரு கண்ணாடிப் பண்டிதர். இவரு கெட்டிக்காரரு, அதான் வம்பு. பலகையைக் கண்ணாடி வழியா உத்து உத்துப் பாத்தாரு. "ஆமா, மாறிக்கிட்டே வந்திருக்கு. நேரா இருந்த நத்தைதான் காலப்போக்குல சுருண்டிருக்கு"ன்னாரு.

கொளஞ்சிக்கு நெஞ்சு குளுந்து போச்சு. அப்பாடா, ஒருத்தராவது பாத்தாரேன்னு. ஆனா அவரு நிறுத்தல. "எப்படின்னா, சுருண்டுக்கணும்னு அது ஆசைப்பட்டு, முக்கி முக்கிச் சுருண்டுச்சு. அப்பன் முக்கினது புள்ளைக்கு ஒட்டிக்கிச்சு, புள்ளை முக்கினது பேரனுக்கு. அப்படியே வளந்துச்சு. ஆசைப்பட்ட சுருளு வந்தாச்சு, இனிமே தெரிஞ்சுக்க ஒண்ணுமில்ல, கெணத்தை மூடலாம்"ன்னாரு.

கொளஞ்சி தலையிலேருந்து சும்மாட்டை எடுத்தா. அத்தனை பேரு முன்னாடியும் தலையைக் குனிஞ்சு உச்சந்தலையைக் காட்டினா. "ஐயா, இந்த வழுக்கை எப்படி வந்துச்சு? கூடை தூக்கி வந்துச்சு. எங்கம்மாவுக்கும் இதே வழுக்கை. அவங்க அம்மாவுக்கும் இதே வழுக்கை. நீங்க சொல்றபடி பாத்தா எம் பொண்ணு நடுமண்டை வழவழன்னுல்ல பொறந்திருக்கணும்? கருகருன்னு கொத்து முடியோட பொறந்தாய்யா!"

ஹஹ்ஹஹ்ஹான்னு ஜமீன்தார் சிரிச்சுட்டாரு. பண்டிதருக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "அப்ப நீயே சொல்லு, எப்படி மாறுச்சு?"ன்னாரு.

"அது எனக்கு இன்னும் தெரியலய்யா"ன்னா கொளஞ்சி. பாத்துக்க இன்பா! தெரியல! அந்த ஒரு வார்த்தை மூணு பண்டிதர் வாயிலேருந்தும் வரல. சொல்றதுக்கு ஒரு கூடைக்காரி வேண்டியிருந்துச்சு.

அவ வீட்டுக்குப் போனா. யோசிச்சா, யோசிச்சா. மறுநாளு காலையில ஆட்டுக்குத் தழை போடுறப்ப அவளுக்குப் பொறி தட்டுச்சு. நேரா பண்டிதர்கிட்ட ஓடினா. "ஐயா, மூணு வருஷம் பஞ்சம் வந்துச்சே, அப்போ தரையில ஒரு புல்லு இல்ல. கருவேல மரத்துல மட்டும் தழை. எட்டுன ஆடு தின்னுச்சு, எட்டாத ஆடு செத்துச்சு. எட்டுன ஆடுதான் குட்டி போட்டுச்சு. பஞ்சம் முடியறப்ப எம் பட்டியில முக்காவாசி நெட்டைக்காலு. எந்த ஆடும் காலை இழுத்து நீட்டிக்கலய்யா. குட்டிங்க எப்பவும் அச்சா ஒரே மாதிரி பொறக்காது. ஒண்ணு நெட்டையா இருக்கும், ஒண்ணு குட்டையா இருக்கும். எது தாக்குப் புடிச்சுதோ அது வம்சம் தங்கிச்சு. நத்தையும் அப்படித்தான் மாறியிருக்கணும். கடல்ல அதுக்கு என்ன கஷ்டம் வந்துச்சுன்னு மட்டும் எனக்குத் தெரியாது."

கண்ணாடிப் பண்டிதர் கண்ணாடியைக் கழட்டினாரு. தொடைச்சாரு. திரும்பப் போட்டாரு. ஒரு நோட்டை எடுத்து கிறுகிறுன்னு எழுதினாரு. அப்புறம் கொரலைத் தழைச்சுக்கிட்டுக் கேட்டாரு, "அம்மா, அந்தப் பலகையை ஒரே ஒரு நாளு குடுங்க. ஜமீன்தாருக்கு வெளக்கிச் சொல்லிட்டுத் தந்துடறேன்."

அம்மான்னு கூப்புட்டாரு, பாரு! அவளை யாரும் அப்படிக் கூப்புட்டதே இல்ல. குடுக்காதடீ, குடுக்காதடீன்னு நான் ஒவ்வொரு தடவையும் கத்துறேன். அவ குடுத்துட்டா.

"ஐயோ."

ஐயோதான். அவரு என்ன பண்ணாரு தெரியுமா? அரமனை வேலையாளைக் கூப்புட்டு, "இதெல்லாம் ஒரே மண்ணா இருக்கு, பளிச்னு ஆக்கு"ன்னாரு. புளியும் சாம்பலும் போட்டு, தேங்கா நாரால கரகர கரகரன்னு தேச்சு, அந்த அஞ்சு கல்லையும் பித்தளைச் சொம்பு மாதிரி மின்ன வெச்சுட்டாங்க. செம்மண்ணு போச்சு, சுக்கான் போச்சு, களி போச்சு, எல்லாம் சாக்கடையில போச்சு. அப்புறம் கண்ணாடிப் பொட்டியில அழகு பாத்து அடுக்கினாங்க. பெருசு நடுவுல, சின்னது ஓரத்துல.

ஜமீன்தார் வந்து பாத்தாரு. "ரொம்ப அழகு. சரி, தண்ணி எங்க வரும்?"னு கேட்டாரு. பண்டிதர் பொட்டியைப் பாத்தாரு. திருதிருன்னு முழிச்சாரு. எதுக்குக் கீழ எதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? ஆனா "தெரியல"ன்னு வாயில வருமா? நேரா இருந்ததுதான் சுருண்டுச்சுன்னு தான் சொன்னதையே மறந்துட்டு, "பெருசுதான் மூத்தது, மூத்ததுதான் அடியில இருக்கும். பெருசு வந்தாச்சு, அதனால அடி வந்தாச்சு. இதுக்குக் கீழ ஒண்ணுமில்ல. மூடிடுங்க"ன்னாரு.

அவ்வளவுதான். தடதடதடன்னு மாட்டு வண்டியில மண்ணு வந்துச்சு, கெணத்தை மூட. பொம்பளைங்க கொடத்தோட நின்னு பாக்குறாங்க. கொளஞ்சி விஷயம் கேள்விப்பட்டு அரமனைக்கு ஓடினா. பொட்டியைப் பாத்தா. மின்னுற கல்லைப் பாத்தா. அப்படியே ஒக்காந்துட்டா.

அப்புறம் எழுந்தா. எழுந்தா பாரு! "நாலு கெணறு, நாப்பது வருஷம்! ஒத்தைத் துளி மண்ணு உதிராம வெச்சிருந்தேன். ஒரே நாள்ல கழுவிட்டியே! ஒன் கையில கொடுத்தேனே, என்னைச் சொல்லணும்!" ஐயா கிய்யா எல்லாம் பறந்துடுச்சு. காரியக்காரரு "ஏய்"னு வந்தாரு. அவ பாத்த பார்வையில அப்படியே நின்னுட்டாரு.

ஜமீன்தாருக்கு மட்டும் அந்த வழுக்கை ஞாபகம் இருந்துச்சு. "அவளைப் பேச விடுங்க"ன்னாரு.

கொளஞ்சி பொட்டியைத் தொறந்து அஞ்சு கல்லையும் தரையில கொட்டினா. பண்டிதர், "கழுவின கல்லுல இனிமே எது எந்த மண்ணுன்னு நீ எப்படிக் கண்டுபுடிப்ப?"ன்னு இளிச்சாரு.

"மண்ணை நீ கழுவலாம். ஜாடையைக் கழுவ முடியுமா?"ன்னா. ஒவ்வொண்ணாக் கையில எடுத்துத் தடவிப் பாத்தா. "இது கூடப் பொறந்தது இது. இதுக்கு அடுத்தது இது." ஒட்டுன ஜாடையை ஒட்டுன ஜாடைகிட்ட வெச்சா. மூத்ததை மொதல்ல வெச்சா: மொளகா. அப்புறம் ஒரு சாண் எடம் விட்டா. அப்புறம் கொம்பு. அப்புறம் தளர்ந்தது, அதைவிட இறுக்கம், கடைசியில முறுக்கு. "இப்போ கெணறு இந்தக் கொம்புல நிக்குது. இந்தக் காலி எடத்துக்கு ஒருத்தன் வரணும். நான் அவனைப் பாத்ததே இல்ல. ஆனா இருக்கணும். கொம்பை விட நேரா, மொளகாவை விட வளைஞ்சு, வாழைக்கா மாதிரி இருப்பான். பச்சைக் களியில இருப்பான். மூணு நாளு தோண்ட விடுங்க எசமான். அவன் வரலேன்னா கெணத்தை நானே மூடுறேன்."

கேட்டியா? பாக்காத ஒண்ணை, இப்படித்தான் இருக்கும், இந்த மண்ணுலதான் இருக்கும்னு சொல்லிட்டா. எந்தப் பண்டிதனுக்கு அந்தத் தைரியம் வந்துச்சு?

"ம்... வந்துச்சா அத்தை, வாழைக்கா?"

இரு. மொத நாளு தோண்டினாங்க. பச்சைக் களி, தூளு. ரெண்டாம் நாளு தோண்டினாங்க. பச்சைக் களி, தூளு. பண்டிதர் கெணத்து மேட்டுல நாக்காலி போட்டு ஒக்காந்துக்கிட்டு விசிறிக்கிட்டு இருந்தாரு. மூணாம் நாளு, கொளஞ்சி கடப்பாரையை மேல அனுப்பச் சொல்லிட்டா. "அதாலதான்டா எல்லாக் கெணத்துலயும் நொறுங்குது. கையால எடுங்க"ன்னு தானே உள்ள எறங்கிட்டா. நகத்தால பறிச்சா. சொறண்டினா. சாயங்காலம் ஆக ஆக, சொறக் சொறக்... சொறக் சொறக்... டிக்!

நகத்துல ஏதோ தட்டுச்சு. ஊதினா, பூ பூன்னு. உள்ளங்கையில தூக்கிக்கிட்டு மேல வந்தா. வாழைக்கா! லேசா வளைஞ்ச வாழைக்கா! அந்தக் காலி எடத்துல கொண்டுபோயி வெச்சா. அதுக்குன்னே இருந்த எடத்துல அது ஒக்காந்துச்சு. ஜமீன்தார் குனிஞ்சு பாத்தாரு. பொம்பளைங்க உலுலுலுலுன்னு கொலவை போட்டாங்க.

மறுநாளு மொளகாக் கல்லு வந்துச்சு. அதுக்கு அடுத்த நாளு, கொப கொப கொபன்னு தண்ணி! அன்னைக்கு எவளும் ஆத்துக்குப் போகல.

நல்லபடியா முடிஞ்சுதுன்னு கண்ணை மூடிடாத. இனிமேதான் எனக்கு வயிறு எரியுற எடம் வருது. கெணத்து மேட்டுல ஒரு கல்வெட்டு நட்டாங்க. என்னன்னு? "ஜமீன்தார் வெட்டுவித்தது. கண்ணாடிப் பண்டிதர் கண்டறிந்தது." போச்சா? பண்டிதர் ஒரு புஸ்தகமும் போட்டாரு. ஆடு இருக்கு அதுல, நத்தை இருக்கு, வழுக்கைகூட இருக்கு. கொளஞ்சி இல்ல. ஆட்டுக்கு இருந்த எடம் அவளுக்கு இல்ல!

அப்புறம் ஜமீன்தார் தன்னோட பூந்தோட்டத்துக்கு ஒரு கெணறு வேணும்னாரு. பண்டிதர் புஸ்தகத்தை விரிச்சாரு. ஆனா அவரு காப்பியடிச்சப்ப ஒண்ணு பண்ணியிருந்தாரு. கொளஞ்சி மூத்ததை மொதல்ல வெச்சால்ல? மொதல்ல இருக்கறதுதான் மேல் மண்ணுன்னு எழுதிட்டாரு. மொளகா மேல, முறுக்கு அடியில. மொத்தமும் தலைகீழ்! நாக்காலியில விசிறிக்கிட்டு இருந்தவரு எதுக்கு அப்புறம் எது வந்துச்சுன்னு எங்க பாத்தாரு, கெணத்துக்குள்ள ஒரு தடவை எறங்கியிருந்தா தெரிஞ்சிருக்கும். செம்மண்ணுலயே முறுக்கு வந்துச்சு. "அடி வந்தாச்சு, தண்ணி இன்னைக்கே!"ன்னு குதிச்சாரு. வரல. வேற எடத்துல தோண்டினாரு. அங்கயும் மேலயே முறுக்கு. இப்படி ஏழு குழி. பூச்செடி எல்லாம் போச்சு. கடைசியில கொளஞ்சிக்கு ஆள் அனுப்பினாங்க.

கொளஞ்சி வந்தா. "ஊர்த் தண்ணின்னா கேக்காம தோண்டுவேன். இது எசமான் ரோசாச் செடிக்கு. அதனால மொதல்ல ஊர்க் கெணத்துக் கல்லுல எம் பேரை வெட்டுங்க"ன்னா.

காரியக்காரரு ஒரு கொத்தனை வெச்சு டக்கு டக்குன்னு என்னமோ வெட்டினாரு. "வெட்டியாச்சு, கொளஞ்சின்னு இருக்கு"ன்னாரு. அவளுக்குப் படிக்கத் தெரியாதுல்ல? ஆனா அவங்களைத் தெரியும். தெருவுல போன வளையல்காரியைக் கூப்புட்டா. "படி அக்கா." வளையல்காரி படிச்சா, "ஜமீன்தார் வாழ்க." கொளஞ்சி கூடையைக் கவுத்துப் போட்டு அது மேல ஒக்காந்துட்டா.

திரும்ப டக்கு டக்கு. தபால்காரரைக் கூப்புட்டா. அவரு படிச்சாரு, "உதவியது ஒரு கூலிப் பெண்." கொளஞ்சி எழுந்திரிக்கல. வெயில்ல பூந்தோட்டம் காயுது. அவ அசையல.

மூணாவது தடவை டக்கு டக்கு டக்கு. இந்தத் தடவை அவ யாரைக் கூப்புட்டா தெரியுமா? "கண்ணாடிப் பண்டிதரே, நீங்க வாங்க. நீங்கதானே படிச்சவரு"ன்னா. ஊர்ப் பொம்பளைங்க மொத்தமும் கொடத்தோட சுத்தி நிக்கிறாங்க. பண்டிதர் கல்லுகிட்ட குனிஞ்சு முணுமுணுத்தாரு, "கண்டறிந்தவர் கொளஞ்சி."

"கேக்கல"ன்னா.

"கண்டறிந்தவர் கொளஞ்சி."

"பின்னாடி நிக்கிற பொம்பளைங்களுக்குக் கேக்கல."

அவரு தொண்டை கிழியக் கத்தினாரு, "கண்டறிந்தவர் கொளஞ்சி!"

"ம். இப்போ தோண்டுங்க"ன்னா கொளஞ்சி.

அவ்வளவுதான் இன்பா, கதை கெணத்தடிக்குப் போயாச்சு. நீ கண்ணை மூடு. எனக்குத்தான் ஆத்திரத்துல இன்னும் தூக்கம் வரல.